பிளஸ் டூ படிக்கும்போதே ‘நர்சிங் டிப்ளமோ’ என்று யாராவது அழைத்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்து, “சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதும், ரிசல்ட் வரும்போது கையில் நர்சிங் டிப்ளமோ இருக்கும்” என்று ஆள் சேர்க்கும் பயிற்சி மையங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அப்படி ஒன்றில் சேர்ந்து என் தங்கை இழந்தது 28,000 ரூபாய், அதோடு பிளஸ் டூ வருடத்தின் வார விடுமுறைகள் அத்தனையும். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. ஒரு ஊரில் பலகையை இறக்கிவிட்டு அடுத்த ஊரில் வேறு பெயரில் மாட்டிவிடுவார்கள். அவர்கள் பேசும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

தங்கை படித்தது வணிகவியல் பிரிவு. ஆனால் சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்பது ஆசை. பள்ளி வாசலில் ‘இலவச வழிகாட்டுதல்’ என்று ஒரு படிவத்தைக் கொடுத்துப் போன் நம்பர் வாங்கியிருக்கிறார்கள். அன்று மாலையே ஒரு பெண் அம்மாவை அழைத்தார். “அம்மா, பாப்பா பிளஸ் டூ முடிக்கிறதுக்குள்ள எங்ககிட்ட ஒரு வருஷ டிப்ளமோ முடிச்சிடும்மா. அப்புறம் நேரா ஜி.என்.எம். நர்சிங் படிப்புல ரெண்டாம் வருஷம் சேர்ந்துக்கலாம். வேண்டாம்னா ஆஸ்பத்திரியில நாங்களே வேலை வாங்கித் தருவோம். கவர்ன்மென்ட் ரெகக்னைஸ்டு கோர்ஸ்மா.”

இந்த நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட உண்மை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான ஏதோ ஒன்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பெற்றோர் நம்புகிறார்கள்.

நேரடி இரண்டாம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் அது உண்டு. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்து, அதற்குத் தொடர்புள்ள டிப்ளமோவுக்குப் போகும் மாணவர்கள் அப்படிச் சேர்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் சேர்ந்தான் என்று நம் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். நர்சிங்கில் அந்தக் கதவு கிடையாது. ஜி.என்.எம். மூன்று வருடப் படிப்பு, முதல் நாளிலிருந்து படித்தாக வேண்டும். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். இரண்டு வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். மூன்றுமே முழுநேரப் படிப்புகள், சேர்வதற்கே பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும், 17 வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியிருக்க, பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் வார இறுதியில் படித்து நர்ஸ் ஆவது எப்படி? இந்த ஒரு கேள்வியைப் போன் செய்தவரிடம் கேட்டால் போனை வைத்துவிடுவார்.

அடுத்தது அங்கீகாரம். மையத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பிரேம் போட்ட சான்றிதழ்கள். அப்பா மரியாதையோடு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நான் போய் நிதானமாகப் படித்தபோது அவை என்னவென்று தெரிந்தது. ஒன்று, அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததற்கான ஆவணம். இன்னொன்று சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. மூன்றாவது ஐ.எஸ்.ஓ. 9001. முதலாவது, இப்படி ஒரு அறக்கட்டளை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவதை எந்தத் தொழில் நடத்துகிறவரும் வாங்கலாம். மூன்றாவது நிர்வாக நடைமுறைக்கான தரச்சான்று, பாடத்துக்கான அரசு அங்கீகாரம் அல்ல. இந்த மூன்றில் எதுவும் அவர்கள் நடத்தும் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நோட்டீஸில் இவற்றையெல்லாம் சேர்த்து ‘இந்திய அரசில் பதிவு பெற்றது’ என்று அச்சடித்து, பக்கத்தில் தேசியக்கொடியின் மூன்று நிறத்தையும் பூசிவிட்டார்கள்.

வகுப்பு எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பொம்மை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, நோட்டில் எழுதிப் போட ஒரு டீச்சர். ‘மருத்துவமனைப் பயிற்சி’தான் மனதை அதிகம் வருத்தியது. ஒரு சிறிய நர்சிங் ஹோமில் கொண்டுபோய் விட்டார்கள். ஓ.பி. டோக்கன் கொடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, வார்டு கூட்டுவது. பல நாள் ஊசி போடவும் சொல்லியிருக்கிறார்கள். மேற்பார்வைக்குத் தகுதியான நர்ஸ் யாரும் பக்கத்தில் இல்லை. பதினேழு வயதுப் பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்து நோயாளியிடம் அனுப்புவது அவளுக்கும் ஆபத்து, அந்த நோயாளிக்கும் ஆபத்து. பணம் போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சம்பளமில்லாத வேலையாளாக அவளைப் பயன்படுத்திக்கொண்டு, அதற்கு எங்களிடமே கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்.

தேர்வை அவர்களே நடத்தினார்கள், அவர்களே திருத்தினார்கள், சான்றிதழையும் அவர்களே கொடுத்தார்கள். டெல்லி முகவரியோடு ஏதோ ஒரு ‘கவுன்சில்’ பெயர், தங்க நிற முத்திரை, எல்லோருக்கும் முதல் வகுப்பு.

ரிசல்ட் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஜி.என்.எம். சேர்க்கைக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, “இதை வெளியில காட்டாதேம்மா” என்றாராம். ஒரு பெரிய மருத்துவமனையில் நேர்முகத்தேர்வுக்குப் போனோம். அங்கே இருந்த நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு எண் வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குழுமம் அது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முறையாகப் படித்தவர்களுக்குத்தான் அந்த எண் கிடைக்கும். எங்கள் சான்றிதழை வைத்து அங்கே விண்ணப்பிக்கவே முடியாது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எல்லோருக்கும் பயன்படும். நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் வேலைக்கென்று முறையான தகுதியே இருக்கிறது: ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட். சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்த பாடம் அது. குளிப்பாட்டுவது, நகர்த்துவது, உணவூட்டுவது, தொற்றுப் பரவாமல் பார்த்துக்கொள்வது என்று வேலையின் எல்லை அதில் தெளிவாக இருக்கிறது. படித்தவரை யாரும் நர்ஸ் என்று சொல்வதில்லை, ஊசி போடச் சொல்வதும் இல்லை. நல்ல, கௌரவமான வேலை. எங்களை ஏமாற்றியவர்கள் அந்தப் பாடத்தையாவது ஒழுங்காக நடத்தியிருந்தால் இன்று அவளுக்கு அது கைகொடுத்திருக்கும்.

பள்ளி முடிக்கும்போதே தொழில் தகுதி பெறுவது என்ற எண்ணத்தையே நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978 முதலே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதில் செவிலியம்கூட ஒரு பாடம். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டின் மதிப்பெண்ணும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் மதிப்பெண் பட்டியலிலேயே வரும். அதைப் படித்தவரும் உடனே நர்ஸ் ஆகிவிட மாட்டார், ஆனால் அந்த மதிப்பெண்ணை யாரும் போலி என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகள் இலவசம். பணம் கட்டும் முன் பள்ளியில் வகுப்பாசிரியரிடம் இவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

தனியார் மையத்தில்தான் சேர வேண்டும் என்றால், முதலில் பாடத்தின் தகுதிக் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். திறன் பயிற்சித் தகுதிகளை ஒழுங்குபடுத்துவது தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம். 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020-இல் செயல்பட ஆரம்பித்தது. அது ஏற்றுக்கொண்ட தகுதிகள் எல்லாம் தேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கும், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பதிவேட்டில் இல்லாததற்கு எவ்வளவு பெரிய முத்திரை குத்தினாலும் பயனில்லை. குறியீட்டு எண் சரியாக இருந்தாலும், தேர்வு யார் நடத்துகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர் ஒருவர், மதிப்பிடுகிறவர் வேறொருவர் என்பதுதான் முறை. நர்சிங் கல்லூரி என்றால், இந்திய நர்சிங் கவுன்சில் வெளியிடும் மாநில வாரியான பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, அசல் மதிப்பெண் பட்டியலை எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். ‘வெரிஃபிகேஷன்’ என்று தங்கையின் பத்தாம் வகுப்பு அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும், “பாக்கி ஃபீஸ் கட்டிட்டு வாங்கிக்கோங்க சார்” என்று பேச்சு மாறிவிட்டது. கல்லூரிச் சேர்க்கைக்கு அந்தத் தாள் தேவை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய பிறகுதான் அசல் கைக்கு வந்தது.

கட்டணம் இன்னும் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

இதே போன்ற மையத்தில் சிக்கியவர்கள் இருந்தால் ரசீது, நோட்டீஸ், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் ரசீதில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, நர்சிங் என்ற சொல்லே இல்லை. நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை உறுதி என்று அந்தப் பெண் அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவு மட்டும் இல்லாவிட்டால், எங்களிடம் ஆதாரம் என்று காட்ட ஒன்றுமே இருந்திருக்காது.