ஸ்னோடன் உச்சிக்குக் கூட்டமாகப் போக எந்தப் பாதை நல்லது?

வேல்ஸின் மிக உயரமான மலை ஸ்னோடன், 1,085 மீட்டர். ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம். உச்சிக்கு ஆறு முக்கியப் பாதைகள் உண்டு. ஆனால் பல வயதினர் சேர்ந்த கூட்டமாகப் போகிறவர்களின் பேச்சு கடைசியில் மூன்றில்தான் வந்து நிற்கும்: லான்பெரிஸ், பிக் (Pyg) ட்ராக், மைனர்ஸ் ட்ராக்.

லான்பெரிஸ் பாதையை முதலில் முடித்துவிடுகிறேன். போய்வர 14 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சரிவு மெதுவானது. 1896-இல் வந்த மலை ரயில் பக்கத்திலேயே ஓடுவதால் வழி தவறுவது கடினம். பனிக்காலத்தில் மட்டும் மேல்பகுதிச் சரிவு உறைந்து ஆபத்தாகிவிடும். என் குறை வேறு: ஏரிக்கரை ஒன்றிலும் கால் வைக்க மாட்டீர்கள்.

மற்ற இரண்டும் பென்-அ-பாஸ் கார் நிறுத்தத்திலிருந்து கிளம்புகின்றன. அங்கே இடத்தை முன்பதிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் கீழே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள். அந்த இடமே 359 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாக்கி ஏற்றம் 726 மீட்டர்தான். அந்த ஏற்றம் எங்கே வருகிறது என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

பிக் ட்ராக்கில் தூரம் கொஞ்சம் குறைவு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே முழங்கால் உயரக் கற்படிகள். ஏரிகள் கீழே தெரியும், அழகுதான், கிட்டே போக முடியாது. கணவாயைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு தடம் பிரிகிறது. அது கத்திமுனை போன்ற க்ரிப் கோக் முகட்டுக்குப் போவது. மூடுபனியில் முன்னால் போகிறவர் தவறாகத் திரும்பினால் பின்னால் வரும் அத்தனை பேரும் திரும்பிவிடுவார்கள். பலகையைப் பார்க்காமல் யாரும் அந்த இடத்தைத் தாண்டக் கூடாது.

மைனர்ஸ் ட்ராக், பெயருக்கேற்ப, செம்புச் சுரங்கத்துக்காகப் போட்ட வண்டிப்பாதை. நாலு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாம். முதலில் சின்ன டெய்ர்ன் ஏரி. அப்புறம் லிடாவ் ஏரி. 1853-இல் கட்டிய கல்வரப்பின் மேல் அதைக் கடந்தால் கரையில் தாது நொறுக்கிய ஆலையின் இடிந்த சுவர்கள். லிடாவ் சுமார் 440 மீட்டர் உயரம், அதாவது இதுவரை ஏறியது வெறும் 80 மீட்டர்! மூன்றாவது கிளாஸ்லின், சுமார் 600 மீட்டரில், பச்சை கலந்த நீலத்தில். கடுமை அதன் பிறகுதான். உதிர்கற்கள் நிறைந்த செங்குத்தில் ஏறி பிக் ட்ராக்கோடு சேர்ந்து, வளைந்து வளைந்து முகட்டில் நிற்கும் நெடுங்கல்லை அடைய வேண்டும். அங்கிருந்து இடப்பக்கம், ரயில் தண்டவாளத்தை ஒட்டியே உச்சி.

பிக்கில் ஏறி மைனர்ஸில் இறங்குங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். நண்பர்கள் நாலு பேர் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் குழந்தைகளும் பெரியவர்களும் வரும் கூட்டத்துக்கு, ஏறவும் இறங்கவும் மைனர்ஸையே எடுங்கள். யார் முதலில் களைப்பாரோ அவரை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் முறை நாங்கள் பிக்கில் போனபோது, முழங்கால் வலித்த ஒருவர் பாதி வழியில் உட்காரக்கூட இடமில்லாமல் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அவரை உரசிக்கொண்டு போனார்கள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த ஜூனில் பதினான்கு பேர் மைனர்ஸில் போனோம். கிளாஸ்லின் கரையில் சித்தி ஒரு தட்டைப் பாறையைப் பார்த்து உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்கப்பா, எனக்கு இந்தத் தண்ணி போதும்" என்றார். துணைக்கு இருவர் இருந்தார்கள். அவர்களிடம் கூடுதல் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டீ ஃபிளாஸ்க் மூன்றையும் விட்டுவிட்டுப் போனோம். கோடையிலும் அந்தக் கரையில் சும்மா உட்கார்ந்தால் சீக்கிரம் குளிர் ஏறிவிடும்.

இறங்கும்போது உதிர்கல் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக, பக்கவாட்டில் காலை வைத்து, மெதுவாக வந்தோம். கீழே சித்தி எழுந்து நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, எங்கள் பதினொரு தலைகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்.