ஏலக்கரையா, கடைத்தெருவா: படிப்போடு சேரும் பகுதிநேர வேலை

மண்டபத்திலிருந்து நாள்தோறும் பேருந்தேறி ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கும் ஒருவருக்கு எளிதில் அமையக்கூடிய வேலைகள் இரண்டு: விடியற்காலையில் மீன் ஏலத்தில் கணக்கு எழுதுவது, மாலையில் ராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள சங்குக் கடைகளில் நிற்பது.

ஏலக்கணக்கின் பெரிய வசதி, விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே கடலுக்குப் போவதால், மற்ற நாள்களின் காலைப்பொழுது படிப்புக்குக் கிடைத்துவிடுவதுதான். மேலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கோடைப் பருவத் தேர்வை ஒட்டியே வருகிறது. வருமானம் நின்றாலும் யாரிடமும் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் படகு தாமதமாகக் கரை சேரும் நாளில், இறால் எடையை ஈரத்தாளில் குறித்துக்கொண்டிருக்கும்போதே எட்டு மணிப் பேருந்து போய்விடும்; 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வெழுதுவதே சிக்கலாகிவிடும் என்பதால் இது சிறிய இழப்பன்று. கையில் ஒட்டிய நண்டு வாடையோடு வகுப்பில் உட்காரும் கூச்சமோ ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கடைவேலை வகுப்பைத் தொடாது. மாதச் சம்பளம் உண்டு. யாத்திரிகர்களிடம் பேசிப் பேசி இந்தியும் ஓரளவு வந்துவிடும். எனினும் கல்லூரி விட்டுப் பாம்பன் பாலத்தைக் கடந்து கடைக்குப் போய், இரவு கணக்கு முடித்து வீடு திரும்புபவருக்குப் புத்தகத்தை விரிக்கத் தெம்பிருக்காது. ஆடி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரை நிரம்பும்போது விடுப்பும் கிடைக்காது.

ஆய்வகப் பதிவேடு எழுத வேண்டிய அறிவியல் மாணவருக்கு, மாலையைக் காத்துத் தரும் ஏலக்கணக்கையே நான் பரிந்துரைப்பேன். காலை முதல் வகுப்பைத் தவறவிடவே முடியாதவருக்குக் கடை பொருந்தும்.