மாசம் ஒரு லட்சம்னு போர்டு வெச்ச யூடியூப் கிளாஸு: 6,500 ரூவா கட்டிப் போய்ட்டு வந்தவன் எழுதறது

வணக்கமுங்க. நமக்கு பெருந்துறை பக்கம், மோட்டார் வைண்டிங் பட்டறை. போர்வெல் சப்மெர்சிபிள், கெணத்து மோட்டார், ஸ்டார்ட்டர் போர்டு எல்லாம் பாப்பேன். 2021 லாக்டவுன்ல பட்டறைய சாத்திட்டு சும்மா குக்கிட்டு இருந்தப்போ மச்சினன் பையன் வந்து மாமா நீங்க பண்ற வேலைய அப்டியே போன்ல புடிச்சு யூடியூப்ல போடுங்கன்னு சொன்னான், அப்டி ஆரம்பிச்சதுதான் சேனலு. இன்னிக்கு 4,200 சப்ஸ்க்ரைபர். பெருசா ஒண்ணுமில்லீங்க, எங்கூர்ல டீக்கடைல நின்னா ரெண்டு பேரு சிரிப்பாங்க, அவ்ளோதான்.

போன வருசம் மழை நல்லா பேஞ்சு கெணறெல்லாம் ரொம்பிருச்சு, மோட்டார் வேலை படுத்துருச்சு. அப்பத்தான் கோயமுத்தூர் காந்திபுரத்துல ரெண்டு நாள் கிளாஸு, யூடியூப்ல மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம், 500 சப்ஸ்க்ரைபர் போதும்னு ஒரு வெளம்பரம் போன்லயே வந்துட்டு இருந்துச்சு. பேர் போட மாட்டேன், போட்டு எதுக்கு வம்பு, ஆனா ஒரு பேக்கரிக்கு மேல ரெண்டாவது மாடில நடக்குது, போனவிங்களுக்குத் தெரியும். 6,500 ரூவா. வூட்டுக்காரி வேண்டாம்னா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல மைக்கும் லைட்டும் வாங்குங்கன்னா. கேக்கல.

மொதல்ல நல்லத சொல்லிர்றேன், இல்லன்னா இவன் வயித்தெரிச்சல்ல எழுதறான்னுருவாங்க. ஏசி ஹாலு. மத்தியானம் சாப்பாடு அவங்களுதே, வெரைட்டி ரைஸுன்னாலும் குறை சொல்ல முடியாது. ரெண்டாவது நாள் காலைல தம்ப்நெயில், அதான் வீடியோவ தொடறதுக்கு முன்னாடி தெரியற அட்டைப்படம், அத பத்தி ஒரு பையன் ஒண்ணரை மணி நேரம் எடுத்தாப்ல, அது நெசமாவே நல்லாருந்துச்சு. என்ற தம்ப்நெயில ஸ்கிரீன்ல போட்டு, அண்ணா இதுல பதினாலு வார்த்தை இருக்கு, தோட்டத்துல நின்னு வெயில்ல போன் பாக்கறவரு இத எப்டிங்கண்ணா படிப்பாருன்னு கேட்டான். சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா நியாயந்தான. வந்ததும் பழைய வீடியோக்கு எல்லாம் மூணே வார்த்தைல மாத்திப் போட்டேன், நூறு பேருக்குக் காட்டுனா மூணு பேரு தொட்டது இப்ப ஆறு பேரு தொடறாங்க. எட்டு நிமிசத்துக்கு மேல வீடியோ போனாத்தான் நடுவுல வெளம்பரம் வெக்க முடியும்ங்கறதும் சொல்லிக் குடுத்தாங்க, அது சரி. ஆனா அதுக்காக ரெண்டு நிமிசத்துல சொல்ல வேண்டிய கண்டென்சர் மாத்தற வேலைய எட்டு நிமிசத்துக்கு இழுத்தா பாக்கறவன் மூணாவது நிமிசத்துல எந்திரிச்சு போயிருவான், அத அவங்க சொல்லல.

இனி அந்த வெளம்பரத்துக்கு வர்றேன். 500 சப்ஸ்க்ரைபர் போதும்ங்கறது பாதி நெசம். 2023 ஜூன்ல யூடியூப்காரங்க கொண்டாந்த ஏற்பாடு அது, மொதல்ல சில நாட்டுல, பொறவு மத்த எடத்துக்கும். 500 சப்ஸ்க்ரைபர், 90 நாள்ல மூணு வீடியோ, ஒரு வருசத்துல 3,000 மணி நேரம் பாத்திருக்கோணும், இல்லன்னா 90 நாள்ல 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூ, ஷார்ட்ஸுன்னா விரல்ல தள்ளித் தள்ளி பாக்கற குட்டி வீடியோ. அத தாண்டுனா என்ன கெடைக்கும்னா பாக்கறவிங்க மனசு வந்து சூப்பர் தேங்ஸுன்னு காசு குடுக்கறது, மாசாமாசம் காசு கட்டி சேர்ற மெம்பர்ஷிப்பு, அந்த மாதிரி. வெளம்பரக் காசு வராதுங்க. வெளம்பரத்துக்கு 2018லருந்து இருக்கற அதே கணக்குதான், 1,000 சப்ஸ்க்ரைபரும் ஒரு வருசத்துல 4,000 மணி நேரமும், 2023லருந்து அந்த மணிக்கணக்குக்குப் பதிலா 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ இருந்தாலும் சரி. நம்ம சேனல்ல எவன் மெனக்கெட்டு சூப்பர் தேங்ஸ் குடுப்பான், மோட்டார் ஓடுச்சுன்னா வீடியோவ மூடிட்டு தண்ணி கட்டப் போயிருவாங்க.

4,000 மணின்னா எவ்ளோன்னு பாருங்க. 2,40,000 நிமிசம். ஒருத்தர் மூணு நிமிசம் பாக்கறார்னு வெச்சா 80,000 வியூ வரோணும், அதுவும் ஷார்ட்ஸ ஸ்க்ரோல் பண்ணி பாக்கறது இந்தக் கணக்குல சேராது. எனக்கு அதுக்கு ஒண்ணரை வருசத்துக்கு மேல ஆச்சு. கிளாஸ்ல என்ன சொன்னாங்கன்னா 60 நாள்ல முடிச்சிரலாம்னு. எப்டின்னு கேட்டா பொழுதோட டீ பிரேக்ல ஒருத்தர் வந்து மெல்லமா, தனியா 5,000 கட்டுனா வாட்ச் ஹவர் பேக்கேஜ் ஏத்தி விட்டுருவோம்ங்கறாப்ல! அது யூடியூப் ரூல்ஸ்ல கண்டிப்பா கூடாதுங்க, காசு குடுத்து வியூ வாங்குனது தெரிஞ்சா எண்ணிக்கைய கழிப்பாங்க, சேனலையே தூக்கவும் செய்வாங்க. திருச்செங்கோட்லருந்து வந்த ஒரு சின்னப் பையன் பர்ச எடுத்துட்டான், நாந்தான் கண்ணு வேண்டாம் விடுன்னு தடுத்தேன். இது ஒண்ணுக்காகவே இவங்களுக்கு ஒரு ஸ்டாருக்கு மேல குடுக்கக் கூடாது.

அப்பறம் அந்த போர்டு கணக்கு. மொத நாள் பதினொரு மணிக்கு சார் மார்க்கர எடுத்து வெள்ளை போர்டுல எழுதறாப்ல: 1,000 வியூவுக்கு 2 டாலர், 1,00,000 வியூவுக்கு 200 டாலர், டாலர் 85 ரூவா, ஆக 17,000 ரூவா. மாசம் ஆறு லட்சம் வியூ வந்தா ஒரு லட்சம். முன்னாடி உக்காந்திருந்தவிங்க எல்லாம் போட்டோ புடிக்கறாங்க. நான் கைய தூக்கி, ஏனுங் சார், அந்த 2 டாலரு சிபிஎம்முங்ளா ஆர்பிஎம்முங்ளான்னு கேட்டேன். சாரு ஒரு நிமிசம் பாத்தாப்ல, ப்ரோ டவுட்டெல்லாம் லாஸ்ட்லன்னுட்டாப்ல. லாஸ்டு வரவே இல்ல.

தெரியாதவிங்களுக்கு சொல்றேன். சிபிஎம்ங்கறது வெளம்பரம் குடுக்கறவன் ஆயிரம் வெளம்பரத்துக்கு குடுக்கற காசு. ஆர்பிஎம்ங்கறது நம்ம வீடியோவ ஆயிரம் பேரு பாத்தா நம்ம கைக்கு வந்து சேர்றது. நடுவுல என்னென்ன போகுதுன்னா, எல்லா வியூவுக்கும் வெளம்பரம் ஓடாது, அதுல பாதி போச்சு. ஓடுன வெளம்பரத்துலயும் நூறு ரூவாய்க்கு 55 நமக்கு, 45 யூடியூப்புக்கு. ஷார்ட்ஸ்னா இன்னும் கம்மி, 45 தான் நமக்கு, அதுவும் பாட்டு போட்டிருந்தா பாட்டுக்காரங்களுக்குப் போனது போக. சந்தைல மாடு வித்த வெலையும் தரகு, சுங்கம், வண்டி வாடகை போக வூடு வந்து சேர்ற காசும் ஒண்ணாங்க? கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு வியாழக்கெழமை போய்ட்டு வந்தவனுக்கு இது தெரியும், சாருக்குத் தெரியாதா, தெரியும், சொல்ல மாட்டீங்கறாப்ல.

என்ற கணக்க தொறந்தே வெக்கறேன். என்ற ஆர்பிஎம்மு 0.45 டாலர். சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டர் ஏன் ட்ரிப் ஆகுதுன்னு போட்ட வீடியோதான் நம்ம சேனல்லயே ராஜா, 1,80,000 வியூ. அதுக்கு வந்தது 81 டாலர், 7,000 ரூவாய்க்கு சித்த கம்மி. வெளம்பரம் ஆன் ஆன மொத வருசம் பூரா சேத்து 3,40,000 வியூ, 153 டாலர், 13,000 ரூவா. மாசத்துக்கு ஆயிரத்து சொச்சம், பட்டறைப் பசங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கறதே அதுக்கு மேல வரும். ஷார்ட்ஸ்ல ஒருக்கா அதிர்ஷ்டம் அடிச்சுது, 600 அடிலருந்து மோட்டார மேல எடுக்கறப்ப பைப்புல தேங்குன தண்ணி பீச்சி அடிச்சு நான் நனைஞ்சு நிக்கறது, 11 லட்சம் பேரு பாத்தாங்க. ஒரம்பரைல எல்லாம் போன் பண்ணி லட்சாதிபதி ஆயிட்டியாமேன்னாங்க. 16 டாலருங்க. துணி தொவைக்கற செலவுக்கு ஆச்சு.

அந்தக் காசும் மளார்னு கைக்கு வராது. கணக்குல 10 டாலர் சேந்ததும் வூட்டு அட்ரஸுக்கு தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அத போட்டாத்தான் அட்ரஸ் உறுதியாகும். எங்க தபால்காரர் அந்தக் கவர திருப்பித் திருப்பி பாத்துட்டு, என்ற கிட்ட கையெழுத்து வாங்க வேண்டியதில்லன்னாலும் என்னன்னு தெரிஞ்சுக்கறதுக்காக நின்னு டீ குடிச்சுட்டு போனாரு. பொறவு 100 டாலர் சேந்தாத்தான் பேங்குக்கே அனுப்புவாங்க, மாசத்துல 21லருந்து 26க்குள்ள. எனக்கு எட்டு மாசம் புடிச்சுது 100 டாலர் சேர. அதுக்குள்ள அமெரிக்கா டாக்ஸு ஃபாரம் ஒண்ணு இருக்கு, 2021லருந்து. அத நெரப்பாம விட்டா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரைக்கும் புடிக்கலாம், ஒழுங்கா நெரப்புனா அமெரிக்காவுல இருந்து பாத்த வியூவுக்கு மட்டும் 15 சதவீதம். ரெண்டு நாள் கிளாஸ்ல இத பத்தி ஒரு வார்த்தை கெடையாது.

கேட்டிருக்க வேண்டியது பக்கத்துல உக்காந்திருந்தவிங்க கிட்ட. பொள்ளாச்சிலருந்து ஒரு அக்கா, சந்தகை, கச்சாயம், கொள்ளுப்பருப்புன்னு வீட்டு சமையல் போடறவிங்க, வியூ என்ற அளவுதான், ஆனா ஆயிரத்துக்கு 1.60 டாலர் வருதாம். ஏன்னா பாதிப் பேரு வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்க, சந்தகை புழியறத பாத்து ஊரு நெனப்புல கமெண்ட் போடறவிங்க. அங்கருந்து பாத்தா வெளம்பர ரேட்டே வேற. தீவாளி வர்ற மாசத்துல ஏறும், ஜனவரில பொத்துன்னு விழும்னும் அந்தக்கா சொன்னாங்க, எனக்கும் அப்டித்தான். அப்பத்தான் ஸ்கிரீன்ல சார் போட்டுக் காமிச்ச வருமான ஸ்கிரீன்சாட்ட நல்லா பாத்தேன், அக்டோபர் நவம்பர் மட்டும் வெட்டி ஒட்டியிருந்துச்சு. ஏனுங்க, நோம்பி வியாபாரத்த வெச்சு வருசக் கணக்கு போட்டா ஜவுளிக்கடைக்காரன் எல்லாம் கோடீசுவரந்தான்.

இன்னொரு பையன் திருப்பூரு. காதர்பேட்டை பனியன் ஹோல்சேல் கடைங்கள வீடியோ எடுத்து போடறான். அவனுக்கு வெளம்பரக் காசு மாசம் ரெண்டாயிரம், ஆனா கடைக்காரங்க ஒரு வீடியோவுக்கு 3,000 குடுக்கறாங்க, மாசம் ஏழெட்டு கடை. அவன் வருமானம் யூடியூப்லருந்து வரல பாருங்க, யூடியூப்ப காட்டி வருது. காசு வாங்கிட்டு போடறப்ப பெய்டு ப்ரோமோஷன்னு டிக் போடோணும் தம்பின்னு சொன்னேன், அதெல்லாம் போட்டா கடைக்காரர் கோவிச்சுக்குவாருங்ணான்னு சிரிச்சான்.

எனக்கு எரிச்சலு முத்துனது ரெண்டாவது நாள் மத்தியானம். என்ற வீடியோவ போட்டு சார் குறை சொல்றாப்ல: ப்ரோ, வீடியோவுல போன் நம்பர் சொல்றீங்க, அங்கதான் ஆடியன்ஸ் ட்ராப் ஆகுது, நம்பர எடுத்துருங்க. கிராஃபு பாத்தா நெசந்தான், அந்த எடத்துல சறுக்குது. ஆனா அந்த நம்பர வெச்சுத்தான் காங்கயத்துலருந்தும் தாராபுரத்துலருந்தும் சத்தியமங்கலத்துலருந்தும், உங்க வீடியோ பாத்தனுங்க, மோட்டாரு எடுக்க மாட்டீங்குதுங்கன்னு கூப்புடறாங்க. சிலபேருக்கு போன்லயே கண்டென்சர மாத்தச் சொல்லி முடிச்சுருவேன், காயில் போயிருந்தா டெம்போல ஏத்திட்டு வந்துருவாங்க. ஒரு வருசத்துல அப்டி 30 மோட்டார் கட்டியிருக்கேன், செலவெல்லாம் போக மோட்டாருக்கு 2,000 நிக்கும்னா 60,000 ரூவா. வெளம்பரத்துல வந்தது 13,000. இதுல எத எடுக்கச் சொல்றாப்லன்னு பாருங்க! சொன்னேன். சார் கேட்டுட்டு, அது பிசினஸ் ப்ரோ, நாம பேசறது பேசிவ் இன்கம், சும்மா இருந்தாலும் வந்துட்டே இருக்கற காசுன்னாப்ல. வீடியோ புடிச்சு வெட்டி ஒட்ட எனக்கு ராத்திரி ஆறு மணி நேரம் ஆவுது, அதுல எதுங்க பேசிவு.

வர்றப்ப படில எறங்கறப்பவே கணக்கு போட்டேன். ஹால்ல 40 பேரு. ஆளுக்கு 6,500, ஆக 2,60,000. என்ற ஆர்பிஎம்ல அந்தக் காசு பாக்கோணும்னா 68 லட்சம் வியூ வரோணும். சாரோட சேனல தேடிப் பாத்தேன், மொத்தமே அதுல பாதி இல்ல. மாசம் ஒரு லட்சம்ங்கறது பொய்யில்லீங்க, வருது, அவருக்கு வருது, ரெண்டே நாள்ல.

காசு திருப்பிக் கேட்டுப் பாத்தேன். அடுத்த பேட்ச்சு ஃப்ரீயா உக்காருங்கன்னு மெசேஜ் வந்துச்சு. தம்ப்நெயில் பையன் தனியா கிளாஸ் எடுத்தா 500 ரூவா குடுத்து போலாம், மத்தபடி சிபிஎம், ஆர்பிஎம், பின் நம்பர், டாக்ஸு ஃபாரம் எல்லாமே யூடியூப்காரங்க ஹெல்ப் பக்கத்துல தமிழ்லயே கெடக்குது, ஓசில. பக்கத்து சீட்டுக்காரங்க கிட்ட பேசறதுக்கு வேணும்னா கிளாஸுக்குப் போகோணும், அதுக்கு 6,500 சாஸ்தி.

ஒரு ஸ்டாரு, அதும் தம்ப்நெயில் தம்பிக்கு. அப்டியும் போறேன்னா பஸ்ல போங்க, வண்டி நிறுத்த எடமில்ல. கீழ பேக்கரில சாய்ங்காலம் நாலரைக்கு தேங்கா பன்னு சூடா எடுப்பாங்க, 25 ரூவா, அதுக்கு அஞ்சு ஸ்டாரு.