ஓவர் த கேப்: டிராஃப்ட் சண்டைக்கு முன் திறக்க வேண்டிய தளம்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) நெருங்கினால் "ரிசீவர்தான் வேணும்", "இல்லை, டேக்கிள்" என்று ரசிகர்கள் சண்டை ஆரம்பித்துவிடும். ரிசீவர் பாஸைப் பிடிப்பவர்; டேக்கிள், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவர். அந்த வாக்குவாதத்தில் பாதிக்கு விடை ஓவர் த கேப் என்ற இந்தத் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. 32 அணிகளின் ஒப்பந்தங்களும் வீரர் வாரியாக, ஆண்டு வாரியாக இருக்கின்றன.

பலரும் கேப்பில் (ஒரு அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு) எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது வீண். பொசிஷன் வாரியாகப் பிரித்து, இந்த சீசனுக்கு ஒப்பந்தத்தில் எத்தனை பேர், இரண்டு சீசன் தள்ளி எத்தனை பேர் என்று எண்ணுங்கள். டிராஃப்டுக்கு இரண்டாவது எண்ணிக்கைதான் முக்கியம்.

2025 கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை வைத்துப் பாருங்கள். அந்தப் பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் அவர்களை ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆறு முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்; அதுவும் ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களை அவர்மேல் பாய விடுவது) அனுப்பாமல். அன்று இடது டேக்கிளில் நின்றவர் கார்டான (டேக்கிளுக்கு உட்பக்கம் நிற்பவர்) ஜோ தூனி. மார்ச்சில் அவரை பியர்ஸுக்கு அனுப்பியதில் சுமார் 1.6 கோடி டாலர் கேப் மிச்சமானது. ஜேலன் மூரை இரண்டு ஆண்டு, 3 கோடி டாலருக்கு எடுத்தார்கள். ஆக, ஜவான் டெய்லர், மூர், வான்யா மாரிஸ், கிங்ஸ்லி சுவாமடாயா என்று நான்கு டேக்கிள் பெயர்கள். பிறகு ஏன் டிராஃப்டில் 32வது இடத்தில் இன்னொரு டேக்கிளான ஜாஷ் சிமன்ஸ், அதுவும் முந்தைய அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்தவர்?

அன்றைய பட்டியலில் 2027 சீசனுக்கான நெடுவரிசையைப் பாருங்கள். டெய்லர், மூர், மாரிஸ் மூவரின் ஒப்பந்தமும் 2026 சீசனோடு முடிவதாக இருந்தது. மிஞ்சியது சுவாமடாயா மட்டும். அவரையும் தூனி விட்டுப்போன கார்டு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள்.

இந்தக் கடைசித் தகவல் சம்பளப் பட்டியலில் இருக்காது. 2024 சீசன் தொடக்கத்திலேயே சுவாமடாயா இடது டேக்கிள் இடத்தை இழந்ததும் அதில் தெரியாது. யார் எங்கே ஆடுகிறார், யாருக்கு அடுத்து யார் என்பதற்கு அவர்லேட்ஸ் (Ourlads) தளத்தின் டெப்த் சார்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்தே ஆக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார் என்று நினைப்பதுதான் புதியவர்கள் வழுக்கும் இடம்.

இன்னொரு வழுக்கல், வாய்டு இயர். போனஸைப் பல ஆண்டுக்குப் பரப்புவதற்காகக் காகிதத்தில் மட்டும் சேர்க்கும் ஆண்டுகள் இவை. ஒப்பந்தம் 2029 வரை நீள்வதுபோலத் தெரியும்; ஆள் 2026லேயே போய்விடுவார், ஆள் போனபின்னும் கேப்பில் ஏறும் டெட் மணி மட்டும் தங்கும். அந்த வரிசையில் அடிப்படைச் சம்பளம் இல்லாமல் போனஸ் பங்கு மட்டும் இருந்தால் அவரை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள்.

"கேப்பே இல்லை, எதை வைத்து டிராஃப்ட் பண்ணுவது?" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். ஆஃப்சீசனில் சம்பளத்தில் முதல் 51 பேர்தான் கேப் கணக்கில் வருவார்கள். புதியவர் ஒருவர் உள்ளே வந்தால் 51வது ஆள் கணக்கிலிருந்து வெளியே போகிறார். நான்காம் சுற்றுக்குக் கீழே இருவர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் அற்பம்.

அணிகள் டிராஃப்ட் இடங்களை மாற்றிக்கொள்ளும்போது எந்த இடம் எவ்வளவு பெறும் என்று சொல்லும் டிரேட் மதிப்புப் பட்டியலும் உண்டு. டல்லஸ் கவ்பாய்ஸ் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பழைய பட்டியலில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 32வதுக்கு 590. இந்தத் தளத்தின் ஃபிட்ஸ்ஜெரால்ட்-ஸ்பீல்பர்கர் பட்டியலிலும் உச்சி 3000தான், ஆனால் 32வது இடம் ஆயிரத்தைத் தாண்டும். அந்தந்த இடத்தில் எடுக்கப்பட்ட வீரர்கள் ரூக்கி (முதல்) ஒப்பந்தம் முடிந்தபின் வாங்கிய சம்பளத்தை வைத்துப் போட்டது இது. ஒரு தேர்வைக் கொடுத்துப் பின்னிறங்கி இரண்டு தேர்வு வாங்குவது லாபமா என்ற கேள்விக்கு இரண்டும் எதிரெதிர் பதில் சொல்லக்கூடும். எந்தப் பட்டியல் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதை மார்ச் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் புதிய லீக் ஆண்டு பிறந்து, ஒப்பந்தம் முடிந்தவர்கள் புது அணி தேடும் ஃப்ரீ ஏஜென்சியின் முதல் அலையும் ஓய்ந்திருக்கும்.