அச்சகத்துக்கு என்ன விலை? சொத்தா, வருமானமா

சிவகாசியில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் இல்லாத தொழிலுக்கு விலைப்பட்டியல் ஏது? இரண்டு வழிகள்தான் அதிகம் பேசப்படுகின்றன.

சொத்துக் கணக்கு எளிது. கணக்குப் புத்தகத்தில் மெஷின் 60 லட்சம் என்றிருக்கும். பழைய மெஷின் புரோக்கரைக் கேட்டால் 35 என்பார். புரோக்கர் சொல்வதுதான் விலை. காகித ஸ்டாக் 15. காலண்டர் வாங்கியவர்கள் தரவேண்டிய பாக்கி 20 லட்சத்தில், பொங்கல் தாண்டியும் வராததைக் கழித்தால் 12. வங்கிக் கடன் 25 போக மிச்சம் 37 லட்சம். கடையை மூடுவதாக இருந்தால் இதுவே போதும்.

வருமானக் கணக்கில்தான் வம்பு. வட்டி, வரி போக லாபம் 24 லட்சம் என்கிறார் முதலாளி. சரி, அவர் சம்பளம் எடுத்துக்கொண்டாரா? இல்லை. விற்பனையில் சேராத அவரது சொந்தக் கட்டிடத்துக்கு வாடகை? அதுவும் இல்லை. மாதம் 50 ஆயிரம் சம்பளம், 20 ஆயிரம் வாடகை என்று கழித்தால் நிஜ லாபம் 15.6 லட்சம். இத்தனை வருட லாபம் விலை என்று பேசுவதுதான் இந்தக் கணக்கு; நான்கு மடங்கு போட்டால் 62.4 லட்சம். அந்த நான்கு என்பது பேரம்தான். ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்கு நான் இரண்டரைக்கு மேல் போகமாட்டேன்.

ஓடுகிற தொழிலுக்கு என் ஓட்டு வருமானக் கணக்குக்கே. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள 25.4 லட்சம் நற்பெயருக்கான விலை. ஆர்டரெல்லாம் முதலாளியின் செல்போனுக்கே வருகிறதென்றால், அவர் இரண்டு வருடமாவது கூட இருப்பதாக எழுதி வாங்காமல் அதைக் கொடுக்காதீர்கள்.