ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள பெரியவர்களே, ஆன்லைன் தெரபி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

28,800 ரூபாய் போச்சு. இன்று காலைதான் அந்த ஆப்காரர்களின் கடைசி பதில் வந்தது, கை இன்னும் நடுங்குகிறது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி பயப்படுகிறான், அதனால் போடவில்லை. பெரியவர்களுக்கு 'அஃபர்மிங் தெரபி' (நம்மை மாற்றப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் தெரபி) தருகிறோம் என்று இன்ஸ்டாவில் விளம்பரம் ஓட்டுகிற ஆன்லைன் ஆப்களில் ஒன்று. நல்ல தெரபிஸ்டை எப்படித் தேடுவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மண்டபம் பக்கம். இறால், நண்டு வாங்கி அனுப்பும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் மதுரையில் ஒரு மனநல மருத்துவர், ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அவசரப்பட வைக்கும் குறைபாடு) இரண்டுமே இருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். கூடவே தெரபியும் போனால் நல்லது என்றார். எங்கே போவது? மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போங்க என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. 2001-ல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் செத்த பிறகும் அது ஓயவில்லை. ராமநாதபுரத்தில் நான் விசாரித்த மையங்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. வயதைச் சொன்னதும், "பேஷன்ட் யாரு, உங்க பிள்ளையா?" என்றார்கள்.

அப்போதுதான் இந்த விளம்பரம். முதல் அழைப்பு இலவசம். அதில் பேசிய பெண் எடுத்த எடுப்பில், "கேமரா போட வேண்டாம் அக்கா, பேச வரலைன்னா டைப் பண்ணுங்க, நான் காத்திருக்கேன்" என்றாள். நான் யோசிக்கும்போது கையில் இரண்டு சோழிகளை உருட்டிக்கொண்டே இருப்பேன். அந்தச் சத்தம் கேட்கிறதா, நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு நிறுத்தணும்? அது உங்க உடம்பு கேட்கிறது. உங்களை மாத்துறது எங்க வேலை இல்லை, உங்களுக்கு ஏத்த மாதிரி சுத்தி இருக்கிறதை மாத்துறதுதான் தெரபி" என்றாள். இந்த வயது வரைக்கும் எனக்கு யாரும் இப்படிச் சொன்னது இல்லை. அழுதுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவே இல்லை, அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள்.

முடித்ததும் லிங்க் வந்தது. 12 செஷன், 28,800 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. இன்றைக்குள் கட்டாவிட்டால் ஆறாயிரம் கூடுமாம். யோசிக்காமல் சட்டென்று முடிவெடுக்க வைப்பது ஏடிஎச்டியின் குணங்களில் ஒன்று. அது தெரிந்த நிறுவனம்தான் ஏடிஎச்டி உள்ளவர்கள் முன்னால் அந்தக் கடிகாரத்தை ஓடவிடுகிறது. மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் படகு போகாது, கம்பெனியில் பாதிச் சம்பளம். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் 28,800 அப்படியே போனது.

செஷனுக்கு வந்தது வேறு ஒரு அம்மா. முதல் வார்த்தையே, "கேமராவை ஆன் பண்ணுங்க." சரி, போட்டேன். "என் கண்ணைப் பார்த்துப் பேசிப் பழகுங்க." வீடியோவில் அவர் கண்ணைப் பார்த்தால் நான் கீழே பார்ப்பதாக அவருக்குத் தெரியும், கேமராவைப் பார்த்தால் அவர் கண் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால், "பாருங்க, எல்லாத்துக்கும் மறுத்துப் பேசுறீங்க" என்று குறித்துக்கொள்கிறார். சோழியைக் கீழே வைக்கச் சொன்னார். கவனம் சிதறுகிறதாம், எனக்கு இல்லை, அவருக்கு.

எனக்குப் பெரிய பிரச்சினை விடிகாலை ஏலம். கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், டியூப்லைட் எல்லாம் சேர்ந்து, வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை வராது, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். காதடைப்பான் போடலாமா, கணக்கை உள் அறையில் உட்கார்ந்து எழுத முதலாளியிடம் எப்படிக் கேட்பது, இதற்குத்தான் எனக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தம்மா சொன்னது: "தினமும் பத்து நிமிஷம் சும்மா அங்கேயே நில்லுங்க, பழகிடும்." பத்து வருடத்துக்கு மேல் அங்கேதான் நிற்கிறேன் தாயே!

அப்புறம், ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே ஆளுக்கு வராது என்றார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. 2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாத்திரையை நிறுத்துங்கள், அடிமையாகிவிடுவீர்கள் என்றார். நான் சாப்பிடுவது மெத்தில்பெனிடேட், மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்க மாட்டார்கள். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுதிக்கொடுத்த மருத்துவர் வேலை. இவர் யார்?

அதைத்தான் கேட்டேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு வேண்டும். 1992 சட்டம். பதிவு எண் கேட்டதற்கு, "எங்கள் நிபுணர்கள் எங்கள் நிறுவனத்தால் பயிற்சி பெற்றவர்கள்" என்று பதில். அடுத்த நாள் ஆப்பில் அந்தம்மா பெயருக்குக் கீழே இருந்த 'சைக்காலஜிஸ்ட்' போய் 'வெல்னஸ் கோச்' வந்திருந்தது. செவுளைச் சிவப்பாகக் காட்டி விலை பேசிவிட்டு, பையில் நாறின மீனைப் போட்டுக் கொடுத்த கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்கள் உணர்வுகள் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு ஊதா இதயம் வந்தது. மறுபடி கேட்டால் மறுபடி அதே இதயம். பிறகு, பேக்கேஜ் பணம் திரும்பாது, வேறு கோச்சுக்கு மாற்றலாம் என்றார்கள். பிறகு, கிரெடிட்டாகத் தருகிறோம், இரண்டு மாதத்தில் காலாவதி என்றார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், போனில் எனக்கு வார்த்தை வராது என்றேன். புகார் என்றால் போனில் மட்டும்தானாம்! டைப் பண்ணுங்கள், காத்திருக்கிறோம் என்று சொல்லி 28,800 வாங்கிய அதே ஆப்.

வேறு வழியில்லாமல் போனில் பேசினேன். மேலாளராம். நான் திக்கித் திக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், உங்க கண்டிஷன்ல சின்ன நிராகரிப்பும் பெருசாத் தெரியும். இந்தக் கோபத்தையே அடுத்த செஷன்ல பேசலாமே" என்றார். என் நோயறிக்கையை அவர்களிடம் கொடுத்ததே எனக்கு உதவத்தான். அதை வைத்தே என் வாயை அடைக்கிறார்கள். இன்று காலை வந்த பதில் ஒரு வரி: "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது."

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது தெம்பு இல்லை. முதல் அழைப்பில் பேசுகிறவர்தான் தெரபி தருவாரா என்று கேளுங்கள். ஆர்சிஐ எண்ணைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜ் வேண்டாம், ஒரு செஷனுக்கு மட்டும் கட்டுங்கள். கடிகாரம் ஓடினால் மூடிவிடுங்கள். மருத்துவர் அல்லாதவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது, சாட், பட்டம் மாறிய ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கிறது. இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம். தயவுசெய்து போன் பண்ணாதீர்கள்.