கேசட் சொருகும் டிவி கேம்: இன்று வாங்கலாமா?

தலையில் கேசட் வாய், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி. 90களில் முறை வைத்து ஆடிய அதே டிவி கேம் ஆயிரம் ரூபாய் அளவில் இன்றும் கிடைக்கிறது. 1983இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்தான் இது. அட்டையில் எத்தனை பிட் என்று அச்சடித்திருந்தாலும் சரி, 60 பின் கேசட் ஏறுகிறதென்றால் உள்ளே இருப்பது எட்டு பிட்தான்.

பெட்டியைக் கழற்றினால் பெரும்பாலும் காற்று. அசலில் தனித்தனி சிப்பாக இருந்தவையெல்லாம் நகலில் ஒரே கறுப்புப் பொட்டுக்குள் அடங்கிவிட்டன. அந்தப் பொட்டு போனால் பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதுதான். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

ஆடிப் பார்த்தால் முதலில் உறுத்துவது சத்தம். பல நகல் சிப்களில், சத்தத்தின் குரலைத் தீர்மானிக்கும் 25, 50 சதவீத அலை வடிவங்கள் இடம் மாறியிருக்கும். மெட்டு அதேதான், குரல் மட்டும் வேறு. சொல்லப்போனால் இங்கே பலருக்கும் அதுதான் பழக்கப்பட்ட சத்தம். அசலைக் கேட்டால்தான் வித்தியாசமாகத் தெரியும்.

அடுத்தது வேகம். ஜப்பானிய, அமெரிக்க கேம்கள் நொடிக்கு 60 படத்துக்கு எழுதப்பட்டவை. பால் (PAL) என்ற டிவி முறைக்கான நகல்கள் 50 படம்தான் காட்டும், அதனால் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மந்தம். கண்டுபிடிக்க எளிய வழி, மாரியோ முதல் கட்டத்தில் டைம் 400இலிருந்து 300க்கு இறங்குவதைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது. மாரியோவின் ஒரு 'நொடி' என்பது 24 படம். 40 நொடியில் இறங்கினால் அசல் வேகம், 48 ஆனால் பால். சிறு வயதில் ஆடியது பால் பெட்டியில் என்றால் மந்தமானதே கைக்குச் சரியாக வரும்.

துப்பாக்கிக்காக வாங்குகிறீர்களா? வீட்டில் பிக்சர் டியூப் டிவி இல்லையென்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். வாத்து சுடும் கேமில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி தேடுவது அந்த வெளிச்சத்தை. எல்இடி டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுவதால் வெளிச்சம் வருவதற்குள் கேம் கணக்கை முடித்துவிடும். துப்பாக்கியை மாற்றினாலும் பலனில்லை. மற்ற கேம்களிலும் புது டிவி சேட்டை செய்யும்: அடிபட்டு மின்னும் மாரியோ சில டிவிகளில் காணாமலே போய்விடுவான்.

அடாப்டரில்தான் பலர் பெட்டியைப் பலி கொடுக்கிறார்கள். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் உள்ள குறியைப் பார்க்காமல் செருகாதீர்கள். 9 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 12 கொடுத்தாலும் ஓடும், ஆனால் உள்ளே அதை 5 ஆக்கும் 7805 ரெகுலேட்டர் கொதிக்கும். கொஞ்ச நேரம் ஆடியதும் படம் உறைந்தால் முதல் சந்தேகம் அதன் மேல் இருக்கட்டும். மலிவான பாகம், மூன்றே கால், சால்டரிங் தெரிந்தவர் உடனே மாற்றிவிடுவார்.

ஜாய்ஸ்டிக்கில் ஒரே ஒரு பட்டன் வேலை செய்யவில்லையா, ரப்பரின் கார்பன் தேய்ந்திருக்கும். எல்லாம் ஒன்றாகச் செத்தால் வயர் அறுந்திருக்கும், பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய வளைவில். உள்ளே போவது ஐந்து கம்பிதான்.

கேசட்டை ஊதாதீர்கள். ஊதியதும் வேலை செய்தது உண்மைதான், ஆனால் அது எடுத்துத் திரும்பச் சொருகியதன் பலன். எச்சில் ஈரம் பின்னைக் கறுக்கவே வைக்கும். இயர்பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

'9999999 இன் 1' கேசட்டில் நிஜமாக இருப்பது சில கேம்கள்தான். அதே டாங்கி, அதே மாரியோ வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். குறைந்த எண்ணிக்கை போட்ட கேசட் பெரும்பாலும் நேர்மையானது. கேசட் வாயே இல்லாமல் கேம்களை உள்ளேயே அடைத்து வரும் குட்டிப் பெட்டிகளை விட்டுவிடலாம், பழைய கேசட் எதையும் அதில் போட முடியாது. கடையிலேயே ஒரு கேசட்டைப் போட்டு, மேலே தெரியும் பக்கத்தை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள். படம் கலைந்தால் வேறு பெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.